வண்டிய மாத்திட்டு வந்துடறேன் சார்

"ஆக, மனிதன் என்றைக்கு நாலு காலை விட்டு ரெண்டு காலில் நிமிர்ந்தானோ, அன்றைக்கே முதுகுவலியும் பிறந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு மேலாளர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். அடுத்த வாக்கியம் நல்ல வாக்கியம். அதற்காக அவர் தொண்டையைச் செருமிய அந்த இடைவெளியில் காசாளர் அம்மா எழுந்து நின்றார்.

"சார், வண்டி சார்ஜ் ஏறிடுச்சு. மாத்தி நிறுத்திட்டு வந்துடறேன்."

"இப்பவேவா?"

"அடுத்தவங்க காத்துட்டிருப்பாங்களே சார். நீங்கதானே சுற்றறிக்கை விட்டீங்க?"

விட்டவர் அவர்தான். மறுக்க முடியாது. காசாளர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கதவு மூடுவதற்குள் கணக்குப் பிரிவுக்காரர் எழுந்துவிட்டார்.

"அவங்க எடுத்தா அடுத்தது என் முறை சார். போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

ஒருவர் எடுக்க, ஒருவர் போட. மேலாளருக்கு அந்த நல்ல வாக்கியம் மறந்தே போய்விட்டது.

அது ஒரு மெத்தைக் கம்பெனியின் வட்டார அலுவலகம். கீழே கிடங்கு, மேலே அலுவலகம், அதற்கும் மேலே கூட்ட அறை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அங்கே கூட்டம். மெத்தை விற்பவன் முதலில் முதுகைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மேலாளரின் கொள்கை. அதனால் அவருடைய பேச்சு குரங்கில் ஆரம்பிக்கும். குகை, கோரைப்பாய், கட்டில் என்று வழிநெடுக நின்று நின்று வந்து, ஆறாவது அத்தியாயத்தில்தான் கம்பெனி மெத்தையைத் தொடும். ஆறாவது அத்தியாயத்தை அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'முன்னுரை' என்று அழைத்தார்கள். இது ஒருநாள் அவர் காதிலேயே விழுந்தது. தன்னுடைய முன்னுரைகள் அவ்வளவு தூரம் மனதில் நின்றிருக்கின்றனவே என்று மனிதர் பூரித்துப்போனார்.

மற்றபடி தங்கமான ஆள். கேட்டால் விடுப்பு கொடுப்பார். யாருக்காவது இடுப்புப் பிடித்தால் கிடங்கிலிருந்து மெத்தை அனுப்பி வைப்பார். கோபமே வராது. வாயைத் திறந்தால் மூட வராது, அவ்வளவுதான்.

அந்தச் சுற்றறிக்கை வந்த கதை இது. கொஞ்ச காலத்துக்கு முன்னால் தலைமை அலுவலகம் பெரிய மனது பண்ணி, கட்டடத்தின் பின்பக்கம் கார் சார்ஜ் போட ஒரு சார்ஜர் வைத்துக் கொடுத்தது. மேலாளர்தான் நாடா வெட்டினார். வெட்டுவதற்கு முன் மின்சாரத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அப்போது அலுவலகத்தில் மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் விற்பனைப் பிரிவில் ரெண்டு பேர். ஒரு சார்ஜர், ரெண்டு கார். கேட்க வேண்டுமா? இறங்க வேண்டிய நிறுத்தம் போன பிறகும் ஜன்னலோர இடத்தை விடாத பயணி மாதிரி, ஒருவருடைய வண்டி முழுக்க ஏறிய பிறகும் அங்கேயே நிற்கும். இன்னொருவர் கத்துவார். சண்டை மேலாளர் மேஜைக்கு வந்தது. அவர் எழுதினார்: 'சார்ஜ் ஏறி முடிந்த வண்டியை, அதன் உரிமையாளர் எந்த வேலையில் இருந்தாலும், உடனே மாற்றி நிறுத்த வேண்டும்.' 'எந்த வேலையில் இருந்தாலும்' என்பதன் கீழே கோடு வேறு போட்டார்.

தன் கூட்டமும் ஒரு வேலைதான் என்பது கோடு போட்ட கைக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த ரெண்டு பேர் மட்டும் எழுந்து போனார்கள். பிறகு காசாளர் அம்மா. அப்புறம் கணக்குப் பிரிவு. மின்சாரக் கார் அலுவலகத்தில் அம்மை மாதிரி பரவியது. மேலாளருக்கு எரிச்சல் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம்.

"நம்ம ஆபீஸ் ஆளுங்க எவ்வளவு முன்னேறிட்டாங்க தெரியுமா? நான் இன்னும் பெட்ரோல் வண்டியைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். தொடர்ந்து மனித முன்னேற்றம் என்பது என்ன என்று ஆரம்பித்தார்.

"அடுப்புல பால் வச்சிருக்கேங்க, பொங்கிடும்" என்று மனைவி எழுந்து போனாள்.

அந்த வீட்டில் சாயங்கால வேளைகளில் பால் பொங்கிக்கொண்டே இருந்தது. காப்பி மட்டும் பெரும்பாலும் கடுங்காப்பியாகவே வந்தது. இதைப் பற்றி மேலாளர் யோசித்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தத் தொலைபேசி வந்தது. பேசியவர் பயிற்சிப் பிரிவின் இயக்குநர் அம்மா.

"நம்ம பயிற்சிக் கல்லூரிக்கு ஒரு தலைமைப் பயிற்சியாளர் வேணும். உங்க பேரையும் சொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நான் அந்தப் பக்கம் வர்றேன். உங்க திங்கட்கிழமைக் கூட்டத்துல ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். ஆளுங்களை எப்படிக் கட்டிப்போட்டு வைக்கிறீங்கன்னு பாக்கணும். எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க. முழுசாக் கேக்கணும்."

'முழுசா' என்ற சொல் அவர் காதில் விழுந்து நெஞ்சில் இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் 'அவையோர்களே' என்று ஆரம்பித்து, அவையோரின் சிறப்பைச் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்து இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாழ்க்கையில் ஒரு பேச்சைக்கூட முடித்ததில்லை. பயிற்சிக் கல்லூரி என்றால் சும்மாவா? காலை முதல் மாலை வரை பேசச் சம்பளம் கொடுப்பார்கள். பாதியில் எழுந்து போகிறவனுக்குச் சான்றிதழ் கிடையாது. அவருக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதையும் அவர் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

ஆட்களைக் கட்டிப்போட வேண்டும். இங்கேயோ ஆட்கள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். குற்றம் யாருடையது? சார்ஜருடையது. ஒன்றே ஒன்று இருப்பதால்தானே இந்த மாற்றல்? அவர் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி இன்னும் ரெண்டு சார்ஜர் வாங்கினார்.

மூன்று சார்ஜர் வந்த திங்கட்கிழமை, ஆறு பேர் எழுந்தார்கள்.

"என்னம்மா இது, நீயும் வண்டி வாங்கிட்டியா?" என்று வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கேட்டார். அவள் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஆமா சார். தவணையில."

"என்ன நிறம்?"

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். "வெள்ளை சார்."

"நல்ல நிறம். அழுக்கு உடனே தெரியும். அழுக்கு தெரியறதுதான் சுத்தத்துக்கு முதல் படி. மெத்தை உறை ஏன் வெள்ளையா இருக்குன்னா..."

"சார்ஜ் ஏறியிருக்கும் சார், வந்து கேட்டுக்கறேன்."

மேலாளர் அடுத்த யோசனைக்குப் போனார். எல்லாருடைய சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால்? கூட்டம் நடக்கும்போது அந்த ஒரு ஆள் எல்லா வண்டிகளையும் மாற்றட்டும். கிடங்குக்காரர் இருக்கிறார். அவர் சைக்கிளில் வருவது ஊருக்கே தெரியும். பாவம், கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தான். கார் ஓட்டவும் தெரியும்.

அறிவிப்பைக் கேட்டதும் அறையில் ஒரு கலவரம் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காசாளர் அம்மாதான் எழுந்தார். பணத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நிதானமான குரல் அவருக்கு.

"சாவி குடுக்கறதுல ஒண்ணுமில்ல சார். ஆனா என் சீட்டை என் முதுகுக்குத் தகுந்த மாதிரி சாய்ச்சு வச்சிருக்கேன். வேற ஆளு உக்காந்தா அந்தச் சாய்வு மாறிடும். மறுபடி சரியா வைக்க எனக்கு வராது. நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க, ஒரு முதுகுக்கு ஒரு சாய்வுதான்னு?"

மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வரி! இவ்வளவு நாள் கேட்டிருக்கிறார்களே!

"உக்காருங்கம்மா, உக்காருங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நன்றி சார். அப்படியே வண்டிய மாத்திட்டு வந்துடறேன்."

அடுத்து மழைக்காலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை வரவேற்பு மேஜைப் பெண் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றாள். கையில் குடை வேறு.

"கார்ல வந்துமா இப்படி நனைஞ்சே?"

"சார்ஜ் போடற இடத்துக்குக் கூரை இல்லையே சார்" என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே.

மேலாளர் இரும்புத் தகடு வாங்கிக் கூரை போட்டுக் கொடுத்தார். நனைந்துகொண்டு ஓடிப்போனவர்கள் அவசரமாகத் திரும்பி வந்தார்கள். கூரை வந்த பிறகு அந்த அவசரம் போய்விட்டது. போனால் போன இடம், வந்தால் வந்த இடம். திரும்பி வரும்போது எல்லாருடைய முகமும் தெளிவாக இருந்தது. வண்டியோடு சேர்ந்து ஆட்களுக்கும் சார்ஜ் ஏறியது போலவே இருந்தது.

அந்தப் பின்பக்கத்தை அவர் போய்ப் பார்த்ததில்லை. அவருடைய வண்டி நிற்பது முன்வாசலில். லிஃப்ட் விடுவதும் அங்கேதான். பின்பக்கம் போக வேண்டும் என்றால் செங்குத்தான இரும்புப் படியில் இறங்க வேண்டும். அந்தப் படிக்கும் அவர் முழங்காலுக்கும் ஆகாது. மேலும், ஊழியர்கள் பின்னாலேயே போய் வேவு பார்ப்பது நிர்வாகம் ஆகாது. 'நம்பிக்கையே நல்ல மெத்தை' என்பது நான்காவது அத்தியாயம்.

இயக்குநர் அம்மா வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. மேலாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். ஆளுக்கொரு சார்ஜர் இருந்துவிட்டால் மாற்ற வேண்டிய தேவையே இல்லையே! காலையில் செருகினால் சாயங்காலம் உருவினால் போதும். தன் அறைக்கு என்று ஒதுக்கியிருந்த புது ஏ.சி.யை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, அந்தச் செலவில் மொத்தம் எட்டு சார்ஜராக ஆக்கிவிட்டார். விசிறிக் காற்றில் வியர்த்துக்கொண்டே அறிவித்தார்.

"இனிமே யாரும் யாருக்காகவும் எழுந்திரிக்க வேண்டியதில்ல. எல்லாரும் நிம்மதியா உக்காரலாம்."

கைத்தட்டல் வரும் என்று எதிர்பார்த்தார். எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று அவர் மூன்றாவது அத்தியாயத்தைத் தொட்டார். சரித்திரத்தில் முதல் தடவை. கோரைப்பாயின் ஓரத்தை ஏன் மடித்துத் தைக்கிறார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்த போது கணக்குப் பிரிவுக்காரர் தடுமாறி எழுந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சார், எட்டும் ஒண்ணா ஓடினா லோடு தாங்காது. சுவிட்ச் விழுந்துடும். விழுந்தா தூக்கிவிட ஒரு ஆள் கீழ இருக்கணும்."

"அப்படியா?"

"ஒரு ஆளுக்குப் பயமா இருக்கும் சார், ரெண்டு பேராப் போறோம்" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

"ரெண்டு பேரும் பசங்க, கரண்டு விஷயம். பெரியவங்க யாராவது கூட இருக்கணும்" என்று காசாளர் அம்மா கைப்பையை எடுத்தார்.

மறுநாள் மேலாளர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விட்டார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

"சுவிட்ச் விழுந்த மாதிரி தெரியல சார். பாக்கப்போனா, அந்த மீட்டர் பெருசா ஓடவே இல்ல."

"ஓடாதுப்பா. நம்ம ஆளுங்க சிக்கனம். கரண்டைக்கூடப் பாத்துப் பாத்துத்தான் எடுப்பாங்க" என்றார் மேலாளர் பெருமையோடு. சிக்கனத்தின் மூன்று வகைகளை அவர் சொல்ல ஆரம்பித்ததும் எலக்ட்ரீஷியனுக்கு வேறு இடத்தில் அவசர வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

சுவிட்ச் விழவில்லை என்றாலும் விழுந்துவிட்டால்? காவலுக்கு ஆள் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே குரலாக இருந்தார்கள். கிடங்குக்காரர்கூட, "நான் வேணா நிரந்தரமாக் கீழயே இருந்துடறேன் சார்" என்று கண்ணில் நீர் தளும்பக் கேட்டார். சைக்கிள்காரருக்கு அலுவலகத்தின் மேல் எவ்வளவு பற்று!

ஆக, எட்டு சார்ஜர் வந்த பிறகு கூட்டத்தில் மிஞ்சுபவர் எண்ணிக்கை முன்னைவிடக் குறைந்துபோயிற்று.

இயக்குநர் அம்மா வருவதற்கு முந்தின வாரம், மேலாளர் எல்லாரையும் அழைத்தார். உட்காரச் சொல்லாமல், நின்றபடியே பேசினார். அன்றைக்கு முன்னுரை இல்லை.

"திங்கட்கிழமை எனக்கு ஒரு பரீட்சை மாதிரி. அந்த வேலை எனக்கு வேணும். ரொம்ப நாள் ஆசை. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வண்டி பாட்டுக்கு நிக்கட்டும், யாரும் எழுந்திரிக்காதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி அவர்கள் கேட்டதில்லை. காசாளர் அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சார் இது, கெஞ்சறதெல்லாம். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானே சார் நாங்க இவ்வளவு நாளா பாக்கறோம்? அன்னிக்கு வண்டி எரிஞ்சாக்கூட எழுந்திரிக்க மாட்டோம்."

"சத்தியமா சார்" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? இன்னிக்குப் பேசினீங்களே, அந்த மாதிரியே கொஞ்சம் சுருக்கிப் பேசினா என்ன?"

"சுருக்கினா அது மெத்தை இல்ல, தலையணை உறை. நீ உக்காரு, மொதல்லேருந்து ஒரு தடவை சொல்லிக் காட்டறேன்."

"பால்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை வந்தது. மேலாளர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பிளாஸ்க் நிறைய வெந்நீரோடு கூட்ட அறை வாசலிலேயே நின்றார். வண்டி அனுப்பட்டுமா என்று முன்தினமே கேட்டிருந்தார். வேண்டாம், நானே வந்துவிடுகிறேன் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். சொன்னபடியே சரியான நேரத்துக்கு, சக்கரம் வைத்த சின்னப் பை ஒன்றைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு, சிரித்த முகமாக வந்து சேர்ந்தார்.

"வாங்க மேடம். வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே? நம்ம பின்பக்கம் எட்டு சார்ஜர் இருக்கு. எது வேணா எடுத்துக்கலாம்."

"அப்படியா? எட்டா! பரவால்லையே" என்றார் அவர். "நான் பின்னால போய் உக்காந்துக்கறேன். நான் இருக்கறதையே மறந்துடுங்க."

மேலாளர் குரங்கிலிருந்து ஆரம்பித்தார்.

ஊழியர்கள் சொன்ன சொல் காத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குரங்கு மரத்தைவிட்டு இறங்கியது, யாரும் எழவில்லை. மனிதன் குகைக்குள் போனான்; காசாளர் அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார், எழவில்லை. குகையில் மனிதன் முதல் தடவை புரண்டு படுத்தான். புரண்டு படுத்தது இடது பக்கமா வலது பக்கமா என்பதில் அறிஞர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டை மேலாளர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்ன போது, கணக்குப் பிரிவுக்காரர் கண் செருகி நாற்காலியிலிருந்து சரியப் பார்த்தார்.

மெத்தைக் கம்பெனியில் மெத்தைமேல் தூங்கினால் விளம்பரம் என்று விட்டுவிடலாம். நாற்காலியில் தூங்கினால் துரோகம். அதுவும் இயக்குநர் முன்னால்! அவர் உதறிக்கொண்டு எழுந்தார்.

"சார்... சுவிட்ச் விழுந்த சத்தம் கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் கிடங்குக்காரர்.

அணை உடைந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து, கையெடுத்துக் கும்பிட்டு, வண்டி, வண்டி என்று முணுமுணுத்தபடி வெளியேறினார்கள். காசாளர் அம்மா போகும்போது மேலாளரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிஜமாகவே கண்ணீர் இருந்தது. ஆனாலும் போய்விட்டார்.

கடைசியாக எழுந்த வரவேற்பு மேஜைப் பெண்ணைப் பின்வரிசையில் இயக்குநர் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். ஏதோ கேட்டார். அவள் குனிந்து காதோடு ஏதோ சொன்னாள். இயக்குநர் அம்மாவின் புருவம் உயர்ந்தது. பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

மேலாளர் அதைப் பார்த்தார். ஆனால் பேச்சை விடவில்லை. இயக்குநர் அம்மா இருக்கிறார். அசையாமல் இருக்கிறார். அவர் ஒருவர் முழுசாகக் கேட்டால் போதாதா? நிமிர்ந்து இரண்டாவது அத்தியாயத்துக்குள் காலெடுத்து வைத்தார்.

"ஒரு முதுகுக்கு ஒரு சாய்வுதான். இது ஏன் என்று பார்ப்பதற்கு முன், சாய்வு என்றால் என்ன என்று பார்ப்போம். அதற்கும் முன்னால்..."

இயக்குநர் அம்மா எழுந்தார்.

"மன்னிக்கணும் சார். வண்டி சார்ஜ்ல நிக்குது. மாத்தி விட்டுட்டு வந்துடறேன். நீங்க நிறுத்தாதீங்க, சொல்லிட்டே இருங்க."

"பை இங்கயே இருக்கட்டும் மேடம், நான் பாத்துக்கறேன்."

"இல்ல இல்ல, சார்ஜர் கார்டு பைக்குள்ளதான் எங்கயோ இருக்கு. பையோடவே போயிட்டு வந்துடறேன்."

கடகடவென்று சக்கரச் சத்தம் வராந்தாவில் ஓடி மறைந்தது. எதிரில் காலி நாற்காலிகள் இருந்தன. மேலாளர், தொடங்கிய பத்தியை அவற்றுக்கே சொல்லி முடித்தார். நாற்காலிகள் நன்றாகக் கேட்டன.

ஆச்சரியம், அவருக்கு வருத்தமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. இயக்குநர் அம்மாவிடமும் மின்சாரக் கார்! அப்படியென்றால் இந்த அவஸ்தை அவருக்கும் தெரியும். ஆட்கள் ஏன் எழுந்து போனார்கள் என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குற்றம் பேச்சில் இல்லை, சார்ஜரில்தான் என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. தலைவிதி நல்ல விதியாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. புது இடம். எட்டில் எது எது எப்படி என்று அவருக்குத் தெரியுமா? பிளக் இறுகிக்கொண்டுவிட்டால்? வந்த விருந்தாளியைத் தனியாக அனுப்பிவிட்டு நாற்காலிகளுக்குப் பாடம் எடுப்பது மரியாதையா? பேச்சுத் தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேலாளர் முதல் தடவையாக அந்த இரும்புப் படியில் இறங்கினார்.

கூரை நன்றாகப் போட்டிருந்தார்கள். அதன் கீழே எட்டு சார்ஜரும் வரிசையாக நின்றன. முதல் ரெண்டில் விற்பனைப் பிரிவுக்காரர்களின் கார்கள். மற்ற ஆறும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே இருந்தன. ஒன்றின்மேல் பூனை படுத்திருந்தது. பொருளை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று மேலாளர் நெகிழ்ந்துபோனார். ஆனால் ஆட்களைக் காணோம். மற்றவர்களின் வண்டிகளையும் காணோம். மாற்றி நிறுத்துவதற்கு அவ்வளவு தூரமா போகிறார்கள்?

மதில் ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி. பல கால்கள் நடந்து நடந்து அந்த இடத்தில் புல் தேய்ந்திருந்தது. மண்ணில் புதிதாக ரெண்டு சின்னச் சக்கரங்களின் தடம். அந்தப் பக்கமிருந்து இஞ்சி டீயின் வாசனையும், ஏழெட்டுப் பேர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தமும் வந்தன. மேலாளர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நுழைந்தார்.

தகரக் கொட்டகை போட்ட டீக்கடை. கடைக்கார அம்மா கொதிக்கும் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். மேலாளரை அவருக்குத் தெரியாது. பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருகிறவரை டீக்கடை எப்படி அறியும்? வியர்த்து வழிய, கையில் தாள்களோடு மூச்சிரைக்க நின்றவரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் ஒரே இரக்கம். ஒரு கிளாஸை எடுத்துக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"வாங்க சார், நீங்களும் அந்த முன்னுரை மீட்டிங்லேருந்து வண்டி மாத்தத்தானே வந்தீங்க? வண்டி இருக்கற ரெண்டு பேருக்கு இந்தப் பெஞ்சு, வண்டியே இல்லாதவங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்காங்க; இப்பக்கூட புதுசா ஒரு அம்மா வந்தாங்க, அவங்ககிட்ட சக்கரம் வச்சதுன்னு இருக்கறது இழுத்துட்டு வந்த அந்தப் பை ஒண்ணுதான்!"